கடைசி மூன்று அவுட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பேரன் ஜோகன்னஸ்பர்க்கில் பேஸ்பால் ஆடுகிறான். பதினாறு வயது. பெரியவனானதும் 'ரிலீஃப் பிட்சர்' ஆகப் போகிறேன் என்கிறான். அது ஒரு வேலையா, அதில் சோறு கிடைக்குமா?
ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த்

பதில்: வேலைதான் பாட்டி. ஆனால் இன்றைக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தினமும் காலையில் எழுந்து விசாரித்துக்கொள்ள வேண்டிய வேலை.

கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி பேஸ்பாலில் பந்து எறிகிறவர் பிட்சர். ஆட்டத்தை ஒருவர் ஆரம்பிப்பார். அவர் ஐந்தாறு இன்னிங்ஸ் (இங்கே ஓர் அணி மூன்று அவுட் ஆனால் அதன் முறை முடியும், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) எறிந்து கை ஓய்ந்ததும் அவருக்குப் பதிலாக இறங்குகிறவர்தான் ரிலீஃப் பிட்சர். கடைசி ஓவர்களை நம்பிக் கொடுக்க ஒரு பவுலரை ஒதுக்கி வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் அந்த பவுலர் முதல் ஓவரிலிருந்தே மைதானத்தில் ஓடியாடிக்கொண்டு இருப்பார். இந்த ஆள் 'புல்பென்' என்கிற ஓரத்து அடைப்புக்குள் இரண்டு மணி நேரம் சூரியகாந்தி விதை கொறித்தபடி உட்கார்ந்திருப்பார், அங்கே இருக்கிற தொலைபேசி அடித்ததும் எழுந்து கொஞ்சம் பந்து எறிந்து கையைச் சூடேற்றுவார், பல நாள் சூடேற்றியதோடு சரி, உள்ளே கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிட்டால் எறிவதும் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ்தான், அதாவது மூன்று அவுட். வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது.

சோறு கிடைக்குமா என்றால், நம் தென்னாப்பிரிக்காவிலேயே ஒருவர் கதை இருக்கிறது. டெய்லர் ஸ்காட், ஜோகன்னஸ்பர்க்கில் 1992-ல் பிறந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே அமெரிக்காவில் அரிசோனாவுக்குப் போனார். 2011-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற 'டிராஃப்டில்' சிகாகோ கப்ஸ் அணி அவரை ஐந்தாவது சுற்றில் எடுத்தது. அதோடு வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்று நினைப்போம் இல்லையா? எட்டு வருஷம் கீழ்மட்ட லீக்குகளில் கிடந்தார், நடுவில் எந்தப் பெரிய அணியோடும் சேராத ஒரு தனி லீக்கிலும் ஆடினார், கடைசியில் 2019 ஜூனில் சியாட்டில் மரினர்ஸுக்காக, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மேஜர் லீக்கில் கால் வைத்தார். அங்கே பந்து எறிந்த முதல் தென்னாப்பிரிக்கர் அவர்தான். அதே வருஷம் பால்டிமோர், அப்புறம் ஜப்பானில் ஹிரோஷிமா, 2022-ல் சான் டியேகோ, 2023-ல் மட்டும் மூன்று அணி. பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைக்க நேரம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். 2024-ல்தான் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில் 62 ஆட்டம் ஆடினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 2.23 ரன். அருமையான கணக்கு. அப்போது அவருக்கு 32 வயது.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 7,40,000 டாலர். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதை மேலே இருக்கிற நாட்களுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு ஒரே படி கீழே, டிரிபிள் ஏ-யில், 2023 ஒப்பந்தப்படி குறைந்தபட்சம் வருஷத்துக்கு 35,800 டாலர். ரிலீஃப் பிட்சரைத்தான் அணிகள் அதிகமாக மேலே கீழே ஆட்டிவைக்கும். ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் கீழே அனுப்பக்கூடாது என்று 2022-ல் விதி போட வேண்டி வந்தது என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரனிடம் ஒன்று சொல்லுங்கள், ரிலீஃப் பிட்சர் ஆக வேண்டும் என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சராக வளர்ந்து, அங்கே சரிப்படாமல் இந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்கள்தான் நிறைய. அவன் முதலில் ஐந்து இன்னிங்ஸ் எறியக் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: மரியானோ ரிவேராவைப் பெரிய ஆள் என்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பந்துதானாமே?
கிரிக்கெட் பைத்தியம், ஃபீனிக்ஸ்

பதில்: ஒன்றுதான் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை, அந்த ஒன்றையே யாராலும் ஒழுங்காக அடிக்க முடியவில்லையே!

பனாமாவில் மீன்பிடி ஊரான புவெர்த்தோ காய்மித்தோக்காரர். அப்பாவும் மீன்பிடிப் படகில்தான் வேலை. 1995-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக மேஜர் லீக்குக்கு வந்தபோது ஆட்டத்தை ஆரம்பிக்கிறவராகத்தான் எறிந்தார், எடுபடவில்லை. 1997-ல் சக பிட்சர் ராமிரோ மெந்தோசாவோடு சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டு இருந்தபோது, பந்து கடைசி நேரத்தில் தானாக ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்தது. அதுதான் 'கட்டர்'. நம்ம லெக் கட்டரின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், இது தரையில் படாமலே திரும்பும், அவ்வளவுதான்.

என் மகனுடைய கிரிக்கெட் பந்தை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கொஞ்சம் ஓரமாகத் தள்ளி. விடும்போது நடுவிரல் மட்டும் ஒரு மயிரிழை அதிகமாக அழுத்த வேண்டும். எனக்கு அது நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு மிளகாய்ச் செடியில் விழுந்தது. ரிவேரா கையிலிருந்து போனால் இடதுகை பேட்டரின் கைப்பிடியை நோக்கி உள்ளே வந்து மட்டையையே உடைக்கும்.

மொத்தம் 652 'சேவ்', அதாவது முன்னிலையைக் காப்பாற்றி முடித்துக் கொடுத்த ஆட்டங்கள், இன்னும் யாரும் தாண்டவில்லை. 2019-ல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் 425 ஓட்டும் அவருக்கே, ஒன்றுகூடச் சிதறவில்லை. அவருக்கு முன்னால் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. ஆனால் நான் இவரைப் பற்றிப் பேசினால் சொல்வது 2001 உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் கோப்பைக்கான இறுதித் தொடரின், கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம். அரிசோனாவுக்கு எதிராக 2-1 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், பந்து உலகத்திலேயே நம்பகமான கையில். எதிரணிக்காரர் பன்ட் அடித்த (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட) பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், அது தப்பி அந்தப் பக்கம் ஓடியது. கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ் அடித்த அரைகுறை அடி, உள்ளே நெருக்கி நிறுத்தியிருந்த ஃபீல்டர்களின் தலைக்கு மேலே மெதுவாகப் போய் விழுந்தது. 3-2, கோப்பை போச்சு. அதற்கப்புறமும் பன்னிரண்டு சீசன் இதே வேலைதான் பார்த்தார். 652-ல் பாதிக்கு மேல் அந்த ராத்திரிக்குப் பிறகு வந்தவை.

கேள்வி: 'சேவ்' என்றால் என்ன?
மெரிபேங்க் வாசகர்

பதில்: மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் வந்து, ஒரு இன்னிங்ஸாவது எறிந்து, முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் ஒரு சேவ். வேறு ஒன்றிரண்டு வழியும் உண்டு, ஆனால் நீங்கள் பார்ப்பது முக்கால்வாசி இதுதான். 1969-லிருந்து அதிகாரபூர்வக் கணக்கு.

கேள்வி: என் மகன் நல்ல வேகப்பந்து வீச்சாளன். அவன் பேஸ்பாலுக்கு மாறலாமா?
ஒரு அம்மா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆசைப்பட்டால் முயன்று பார்க்கட்டும் அம்மா, ஆனால் வேகம் அப்படியே கூட வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கிரிக்கெட்டில் முழங்கையை நீட்டியபடி ஓடி வந்து வீசுகிறோம். இங்கே நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி உதறுகிறார்கள். அந்த உதறலில்தான் முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிகிறது. 1974-ல் டாமி ஜான் என்கிற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முன்னங்கையிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் வைத்துக் கட்டினார். அதற்கு முன்னால் அந்தக் காயம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்றைக்கு அந்த அறுவைச் சிகிச்சைக்கே அவர் பெயர். திரும்ப எறிய ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். சாட்ஸ்வொர்த் பாட்டியும் இதைப் படிக்கட்டும்: 15, 16 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்பது அமெரிக்காவில் வகுத்த வரம்பு. பயிற்சியாளர் எண்ணுகிறாரா என்று கேளுங்கள். எண்ணவில்லை என்றால் பாட்டியே வேலி ஓரமாக உட்கார்ந்து எண்ணலாம்.

கேள்வி: இந்த ஆட்டங்களை நம் நேரத்துக்கு எப்போது பார்க்கலாம்?
டர்பன் வாசகர்

பதில்: அவர்கள் கோடையில் நியூயார்க்கில் ராத்திரி 7.05 என்றால் நமக்கு நடுராத்திரி தாண்டி 1.05. 2023-ல் பிட்சர் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்று கடிகாரம் வைத்துவிட்டார்கள், அதனால் ஆட்டம் இப்போது சராசரியாக 2 மணி 40 நிமிட வாக்கில் முடிகிறது. ரிலீஃப் பிட்சர் மட்டும் போதும் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள், மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள், டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தால் புல்பென் கதவு திறக்கிற நேரமாக இருக்கும்.