சிங்கப்பூரில் திரட்டும் வெள்ள நிவாரணப் பணத்தை மதுரைக்கு எப்படி அனுப்புவது?

"சிங்கப்பூரில் இருக்கும் மதுரைக்காரர்கள் சேர்ந்து வெள்ள நிவாரணத்துக்குப் பணம் திரட்டுகிறோம். ஊரில் உள்ள அறக்கட்டளையின் கணக்கில் நேரே போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது யாருடைய பணம் என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ எனப்படும் இந்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அவர்களுடைய கணக்குக்குத்தான் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே இரண்டு வகைப் பணத்தையும் தயவுசெய்து கலக்காதீர்கள். வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் வசூலிக்க சிங்கப்பூரிலும் அனுமதி தேவை.

சரி, எதற்குச் செலவழிப்பது? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். முதல் இரண்டு நாள் சாப்பாட்டுப் பொட்டலம் எப்படியாவது வந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகுதான் பாய், அடுப்பு, பிள்ளைகளின் நோட்டு எல்லாம் தேவைப்படும். நனைந்த தையல் மிஷினைப் பழுது பார்த்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு வருமானமே திரும்பிவிடும். என்னைக் கேட்டால் பாதிப் பணத்தையாவது இரண்டாவது வாரத்துக்கு எடுத்து வையுங்கள். பட்டியல் போடும்போது அந்தத் தெரு அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள். யார் வீட்டில் என்ன போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.