லைசென்ஸ் துப்பாக்கியோடு போகையில் போலீஸ் நிறுத்தினால்: நெல்லைச் சீமைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, கடைப் பணம் கொண்டுபோக .32 ரிவால்வர் லைசென்ஸ் வச்சிருக்கேன். ராத்திரி வாகன சோதனையில நிறுத்தினா நானா முந்திச் சொல்லணுமா, கேட்டாச் சொன்னாப் போதுமா?

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 19-இன்படி, ஆயுதத்தோடு போகிறவரிடம் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் கேட்கலாம். கேட்டால் காட்டியே ஆகவேண்டும். கேட்கும் முன்பே சொல்லவேண்டும் என்று அதில் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஆர்.சி. புத்தகம் எடுக்க இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோகிறீர்கள், அதே நேரம் ஏட்டு டார்ச் வெளிச்சத்தில் துப்பாக்கி உறையைப் பார்க்கிறார் என்றால், நீங்கள் எதை எடுக்கப் போகிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விபரீதமெல்லாம் அந்த ரெண்டு நொடியில்தான்.

காரை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வையுங்கள். பைக் என்றால் கை ஹேண்டில்பாரை விட்டு நகரக்கூடாது. பிறகு சொல்லுங்கள்: "சார், லைசென்ஸ் வச்சிருக்கேன், வலது இடுப்புல துப்பாக்கி இருக்கு. லைசென்ஸ் புக்கு இடது சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" லைசென்ஸ் என்ற சொல் முதலில் வரட்டும். "துப்பாக்கி" என்று ஆரம்பித்தால் மற்றது அவர் காதில் ஏறாது. அவர் சரி என்ற பிறகே கை அசையவேண்டும். இதற்காகவே புத்தகத்தைத் துப்பாக்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் வேண்டும்.

அவரே மறுபடியும்: துப்பாக்கியை எடுத்துக் காட்டுன்னு சொன்னா?

"நீங்களே உறையோட எடுத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. நீங்களே எடுக்கவேண்டி வந்தால் விரல் ட்ரிகர் பக்கமே போகக்கூடாது, குழல் ஆளில்லாத பக்கம் தரையைப் பார்த்திருக்கவேண்டும். ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளி, தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி எண்ணிக் காட்டலாம்.

பிஸ்டலில்தான் தப்பு நடக்கிறது. முதலில் மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) உருவவேண்டும், அதன் பிறகே ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுக்கவேண்டும். பதற்றத்தில் ஸ்லைடை முதலில் இழுத்தால் உள்ளே கிடந்த தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது குழலின் அடியிலுள்ள தோட்டா அறைக்குள் ஏறிவிடும். பார்ப்பவர் காலியாகிவிட்டது என்று நினைப்பார். மேகசின் வெளியே வந்த பிறகும் ரெண்டு மூன்று தடவை இழுத்து, அறையைக் கண்ணால் பாருங்கள். பன்னிரண்டு போர் (குழல் அளவு) ரெட்டைக் குழல் துப்பாக்கி என்றால் மடித்துத் திறந்தபடியே கொடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: ஒரிஜினல் நனைஞ்சு போவுதுன்னு வீட்டுல வச்சிட்டு, செல்போன்ல போட்டோ மட்டும் வச்சிருக்கேன். அது போதாதா?

போதாது. லைசென்ஸைக் காட்ட முடியாவிட்டால் பெயர், முகவரி கேட்கவும், தேவைப்பட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றவும் பிரிவு 19 அதிகாரம் தருகிறது. பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய்ப் பெயர் என்று சந்தேகம் வந்தாலோ வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். பிளாஸ்டிக் உறை போட்டு ஒரிஜினலையே கொண்டுபோங்கள்.

புறப்படும் முன் நாலு காரியம் பாருங்கள்: துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, காலாவதித் தேதி, லைசென்ஸின் தனி அடையாள எண் (UIN) ஏறியிருக்கிறதா, லைசென்ஸ் செல்லும் எல்லை எது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் காலம் 5 ஆண்டு, அதற்கு முன் 3. பழைய புத்தகத்தில் புதிய கணக்குப் போட்டு ஏமாறவேண்டாம். காலம் முடிந்துவிட்டால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கவேண்டும்.

கைப்பற்றினால் நடுரோட்டில் வாக்குவாதம் வேண்டாம். தயாரிப்பு, போர், எண், தோட்டா எத்தனை, நேரம், ஸ்டேஷன், கையெழுத்து எல்லாம் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. மரியாதையாகக் கேட்கலாம். மற்றதை லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் பேசிக்கொள்ளுங்கள். நெல்லை மாநகர எல்லைக்குள் அது காவல் ஆணையர், வெளியே மாவட்ட ஆட்சியர்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து: பாபநாசம் செக்போஸ்ட்ல வனத்துறைக்காரங்க துப்பாக்கியை உள்ள விடமாட்டேங்காங்க. கலெக்டர் லைசென்ஸ் அங்க செல்லாதா?

செல்லாது, அவர்கள் செய்வது சரி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31: தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் முன் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. களக்காடும் முண்டந்துறையும் சரணாலயங்கள். இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போனாலும் இதே விதிதான். செக்போஸ்டில் சிக்கிக்கொண்டு யோசிப்பதைவிட வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பிரிவு 34. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து லைசென்ஸ் வைத்திருப்பவர் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிந்துகொள்ளவேண்டும். அந்த வட்டத்தில் புது லைசென்ஸுக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கும் களக்காட்டுக்காரர்களுக்கும் இது நேராகப் பொருந்தும். பதிவுச் சான்றின் நகலையும் லைசென்ஸோடு வையுங்கள்.

வாழையைப் பன்றி குத்திப் போடுகிறது என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நஷ்டம் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் லைசென்ஸ் இருக்கிறதென்று காட்டுப்பன்றியைச் சுட முடியாது. சுட்டால் வன உயிரின வழக்கு தனியாக வரும், துப்பாக்கியும் போகும்.

செங்கோட்டையிலிருந்து: புளியரை தாண்டிப் புனலூர் போகணும். கொண்டுபோகலாமா?

புத்தகத்தில் எல்லை "தமிழ்நாடு" என்று இருந்தால் கூடாது. எல்லையை விரிவாக்க முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

முக்கூடலிலிருந்து: ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நகை, பணம் எல்லாம் என் பொறுப்பு. இடுப்புல வச்சுக்கிடலாமா?

தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் எதற்கும் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. கொடைக்கும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கும் ஒரே சட்டம். நகைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து பந்தோபஸ்து கேளுங்கள். கல்யாணத்திலும் கொடையிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தம் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கும். இதில் என்னிடம் சலுகைப் பேச்சே கிடையாது.

பொதுவாக வெளியே கொண்டுபோகும்போதும் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். சட்டைக்கு மேலே தெரியும்படி செருகுவது 2016 ஆயுத விதிகளுக்கு விரோதம்.

நாங்குநேரியிலிருந்து: அப்பா பேர்ல உள்ள ரெட்டைக் குழலை ரிப்பேருக்கு நான் கொண்டுபோகலாமா?

போகலாம். உடன் அப்பா இருக்கவேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இருக்கவேண்டும். பழுதுபார்ப்பு, லைசென்ஸ் புதுப்பிப்பு இரண்டுக்கும் ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3 இதை அனுமதிக்கிறது. கடிதத்தில் எண், எந்தக் கடை, எந்தத் தேதி என்று எழுதுங்கள். லைசென்ஸ் ஒரிஜினலும் கூட இருக்கட்டும். தோட்டா வேண்டாம். வழியில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கவும் வேண்டாம்.

சேரன்மகாதேவியிலிருந்து: தேர்தல் அறிவிச்சதும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுதாங்க. கொண்டுபோற வழியில பறக்கும் படை பிடிச்சா?

ஒப்படைக்கச் சொல்லி வந்த நோட்டீஸ் கையில் இருக்கட்டும். துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டு, தோட்டாவைத் தனிப் பையில் வைத்து, பகலில் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். பறக்கும் படை நிறுத்தினால் மேலே சொன்னபடியே: கை அசையாமல் முதலில் வாயால் சொல்லி, பிறகு நோட்டீஸையும் லைசென்ஸையும் காட்டுங்கள். உயிருக்கு மிரட்டல் இருப்பவர்கள் விலக்குக் கேட்டு மாவட்டப் பரிசீலனைக் குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். ஒப்படைக்கையில் மேகசின், தோட்டா, உறை எல்லாம் ரசீதில் தனித்தனியாக ஏறவேண்டும். தோட்டா எண்ணிக்கை விட்டுப்போனால் திரும்ப வாங்கும்போது சண்டை வரும். அதனால் ரசீதை ஸ்டேஷன் மேஜையிலேயே படித்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.