ஈச்சைக்கு டிஏபி வைக்கலாமா?

திண்டிவனம் பக்கத்துலேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கார்: வீட்டு முன்னாடி அழகுக்குன்னு நாட்டு ஈச்சம் புதர் ஒண்ணு வாங்கி வச்சாராம், ஆளுயரம், ஜேசிபில தோண்டி ஆட்டோல கொண்டாந்து எறக்கிக் குடுத்தாங்களாம். மூணு வாரமா தினம் ஹோஸ்ல தண்ணி விட்டும் மட்டையெல்லாம் காயுது, டிஏபி உரம் ஒரு கிலோ வைக்கலாமான்னு.

வைக்காதீங்கண்ணே. வேர் அறுந்து கெடக்குற செடி, சத்தை எதால உறிஞ்சும்? அதுவும் டிஏபில தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் இருக்கு, பனை ஈச்சை வகைக்கு முக்கியமா வேண்டிய சாம்பல் சத்து (பொட்டாஷ்) துளி கெடையாது. வெளிமட்டை காயறதப் பாத்து பயப்படாதீங்க, நடுக்குருத்தப் புடிச்சு லேசா இழுத்துப் பாருங்க, கையோட வந்துட்டா அழுகிடுச்சு, அந்தத் தண்டு அவ்ளோதான், பக்கக்கன்னு இருந்தா அது வேணா பொழைக்கும். குருத்து கெட்டியா நின்னா தினம் தண்ணி விடறத நிறுத்திட்டு மேல்மண் காஞ்ச பின்னாடி மட்டும் விடுங்க. பச்சை மட்டைய வெட்டி அழகு பாக்க வேணாம், அந்தக் காயத்து வாசனைக்கே பனை வகைத் தண்டைத் தொளைக்கிற சிவப்புக் கூன்வண்டு வந்துரும்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது, இந்தச் செடி எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான். ஆளுயர நாட்டு ஈச்சைய நர்சரிக்காரங்க பைல வளத்து விக்கறது அபூர்வம், அவ்ளோ மெதுவா வளர்ற ஜாதி அது. பெரும்பாலும் ஏரிக்கரையிலயும் புறம்போக்குலயும் இருக்கறத ராவோட ராவா பேத்து எடுத்துட்டு வர்றது, பாதி வேர் அங்கயே நின்னுரும், நமக்கு வர்றது பொணம், அதுக்கு ஆயிரக்கணக்குல காசு. இன்னொரு கூட்டம் "குட்டி ஈச்சை, நாட்டு ரகம்"னு லாவோஸ் வியட்நாம் பக்கத்து அழகு ஈச்சைய தலைல கட்டும், அது நம்ம செம்மண் வெயில்ல தண்ணி இல்லாம நிக்காது.

ஈச்சை வேணும்னா வாங்காம கொட்டை போட்டு வளங்க. வைகாசி, ஆனில கருத்துப் பழுத்த பழமா பொறுக்குங்க, தின்னுட்டு கொட்டைய கழுவி ரெண்டு நாள் ஊறப்போட்டு நேரா நெலத்துலயே ஊனுங்க. மொளை மொதல்ல கீழதான் போகும், சின்ன கவர்ல போட்டா வேர் சுருண்டுக்கும். ஆண், பெண் தனித்தனி மரம், பூத்தாதான் தெரியும், அதனால பழம் வேணும்னா அஞ்சாறு போடுங்க. மட்டையடி முள்ளு ஊசி மாதிரி, புள்ளைங்க ஓடற பாதையோரம் வேணாம், காம்பவுண்ட் ஓரமா வேலியா விடுங்க. மொத இலை ஒத்தையா புல்லு மாதிரிதான் வரும், கோரைன்னு நெனச்சு வீட்ல யாராவது புடுங்கிப் போட்ருவாங்க, பக்கத்துல ஒரு குச்சி நட்டு வைங்க.