மிஸ்ஸி ஏன் அதையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க?

கேள்வி: அக்கா, எங்கப்பாவுக்கு 64 வயசு, போன வாரம் ஹார்ட் அட்டாக் வந்து வார்டுல இருக்காரு, மூணு அடைப்பு இருக்காம், அடுத்த வாரம் பைபாஸ் ஆப்பரேஷன். வர்ற மிஸ்ஸி (நர்ஸ்) எல்லாரும் பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், என்ன ஆப்பரேஷன்னு அதையே கேக்குறாங்க, இவங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டாங்களான்னு அப்பா எரிச்சல்படுறாரு. நெஞ்சுல முடிய நானே ஷேவ் பண்ணிட்டு வரேன்னாரு, அதுவும் வேணாம்னுட்டாங்க. ஏன்க்கா?
- ஒரு மகள், புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, முதல்ல அப்பாகிட்ட சொல்லும்மா, அவங்க மறந்துட்டுக் கேக்கல. நான் ஆப்பரேஷன் தியேட்டர்ல பல வருஷம் நர்ஸா நின்னவ, நானும் அப்படித்தான் கேட்டிருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு, மயக்கம் கொடுக்குறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, தியேட்டர விட்டு வெளிய போறதுக்கு முன்னாடின்னு மூணு தடவ எல்லாரும் நின்னு, ஆள் யாரு, என்ன ஆப்பரேஷன்ங்கிற மாதிரி விஷயங்கள வாய்விட்டுச் சொல்லிச் சரிபாக்கணும். எட்டு நாட்டுல எட்டு ஆஸ்பத்திரியில அத வச்சுப் பாத்தாங்க, 2009-ல முடிவு வந்துச்சு, ஆப்பரேஷனுக்கு அப்புறம் இறந்தவங்க 1.5 சதவீதத்துல இருந்து 0.8-ஆ குறைஞ்சாங்க. வெறும் கேள்விதான் தங்கச்சி, ஒரு மருந்தும் இல்ல!

ஷேவ் விஷயம் சின்னது. பிளேடு போட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமி அதுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதனால தேவைப்பட்டா அங்கயே கிளிப்பர் மிஷின்ல எடுப்பாங்க, வீட்டுல கை வைக்கவே வேணாம்.

நீ கேக்காத ஒண்ண சொல்றேன், குளிர். தியேட்டர் ஜில்லுனு இருக்கும், அடிபட்ட இதயத்துக்கு நடுக்கம் ஆகவே ஆகாது, உடம்பு நடுங்குனா ஆக்சிஜன் கூட வேணும், இதயம் எங்க போகும் அதுக்கு? 1997-ல 300 பேர வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, இதய நோயோ அது வர்ற ஆபத்தோ இருந்து, இதயம் இல்லாத வேற ஆப்பரேஷனுக்கு வந்தவங்க, சூடா வச்சிருந்தவங்கள்ல 1.4 சதவீதம் பேருக்குத்தான் இதயத் தொந்தரவு வந்துச்சு, மத்தவங்களுக்கு 6.3. பைபாஸ்ல நடுவுல வேணும்னே உடம்ப குளிர வைக்கிறதும் உண்டு, அது வேற கணக்கு, ரத்தத்த ஓட்டுற மிஷின்லயே திரும்ப சூடாக்கிடுவாங்க. ஆனா காத்திருக்கும்போது அப்பாவுக்குக் குளிருச்சுன்னா வெக்கப்படாம போர்வை கேக்கச் சொல்லு.

உன் வேலை ஒண்ணு இருக்கு. அப்பா சாப்பிடுற எல்லா மாத்திரையையும், தேக்கா கடையில வாங்குன நாட்டு மருந்து, பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய் வரைக்கும் ஒரு பையில போட்டு மிஸ்ஸிகிட்ட கொடு. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்குற குளோபிடோக்ரல் மாத்திரைய அவசரம் இல்லாட்டி பைபாஸுக்கு 5 நாள் முன்னாடி நிறுத்துறது வழக்கம், ஆஸ்பிரின பெரும்பாலும் நிறுத்த மாட்டாங்க, எத எப்ப நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா ஒண்ணும் நிறுத்திடாதீங்க. கடைசியா எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டாருன்னு ஒரு பேப்பர்ல எழுதி அந்தப் பையிலயே வச்சிடும்மா.