ஐம்பது அங்குல மஸ்கி சிக்கினால் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சில வருடங்களாக பாஸ், பிக்கரல் பிடித்து வருகிறேன். வரும் அக்டோபரில் ஒரு கைடுடன் ஜார்ஜியன் பே விரிகுடாவுக்கு, மஸ்கி என்ற பெரிய நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறோம். ஐம்பது அங்குலத்தில் ஒன்று சிக்கினால் பாடம் பண்ணி வரவேற்பறையில் மாட்ட ஆசை. கைடு அதற்கு இப்போதே முற்பணம் கேட்கிறார். மஸ்கியைக் கொல்கிறவன் மீன்பிடிகாரனே இல்லை என்கிறார் என் மச்சான். லைசென்ஸுக்குக் காசு கட்டியிருக்கிறோம், ஒன்று எடுக்க நமக்கு உரிமை உண்டு என்கிறார் கூட வரும் நண்பர். மாமனாருக்குக் குழம்பு வைத்துப் பார்க்க வேண்டுமாம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டு விவாதத்துக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியன் பேயில் மஸ்கிக்குக் குறைந்தபட்ச அளவு 54 அங்குலம், அதாவது 137 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால்தான் வைத்துக்கொள்ளலாம். ஐம்பது அங்குல மீனைத் தண்ணீரில் திரும்ப விட்டே ஆக வேண்டும். அந்த மீனைப் பொறுத்தவரை மச்சானும் நண்பரும் வாதாடுவதற்கு எதுவுமே இல்லை. அங்கே தொழில் செய்கிற கைடுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் முற்பணம் கேட்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது லைசென்ஸ். ஒன்ராறியோவில் இரண்டு வகை இருக்கிறது. ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தால் ஒரு மஸ்கி வைத்துக்கொள்ளலாம். விலை குறைவு என்று நம் ஆட்கள் பலர் வாங்குவது கன்சர்வேஷன் லைசென்ஸ். அதில் மஸ்கிக்கான எண்ணிக்கை பூஜ்யம். 60 அங்குலம் பிடித்தாலும் பூஜ்யம்தான். ‘காசு கட்டியிருக்கிறோம், உரிமை உண்டு’ என்று சொல்லும் நண்பரிடம் எந்த லைசென்ஸ் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். படகில் ஏறிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீளத்தை வாய் மூடிய நிலையில் மூக்கு நுனியிலிருந்து, வாலின் இரண்டு இதழ்களையும் சேர்த்து அமுக்கி, அதன் நுனிவரை அளக்க வேண்டும். இதுவரை பரவாயில்லை, புரிகிறது. அதற்கு மேல் இந்த மாகாணத்தின் விதிகள் எனக்கே அலுப்பைத் தருகின்றன. மஸ்கி ஒரே மீன்தான். ஆனால் ஒரு மண்டலத்தில் 36 அங்குலம், ஜார்ஜியன் பேயிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் 54, கவார்த்தா ஏரிகளில் வேறு. மண்டலத்துக்கு ஒரு பொது விதி, அதற்குக் கீழே குறிப்பிட்ட நீர்நிலைகளுக்கு விலக்குகள், அப்புறம் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்க ஒரு வரைபடம். வேலை முடிந்து களைத்து வந்து, சனிக்கிழமை காலைக்காக இரவில் இதைப் படிக்கிற ஒருவர் தவறு செய்யாமல் இருந்தால் அது அவருடைய சாமர்த்தியம். எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை. வருடம் தவறாமல் இதைச் சொல்லி வருகிறேன். தாள்தான் கூடுகிறது, தெளிவு கூடவில்லை.

சரி, 54ஐத் தாண்டிய மீன் ஒன்று உண்மையிலேயே சிக்கியது, கையில் ஸ்போர்ட் லைசென்ஸும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது. என் பதில்: விட்டுவிடுங்கள்.

மஸ்கி மெதுவாக வளரும் மீன். ஐம்பது அங்குலத்தைத் தொடப் பெரும்பாலும் 15 வருடமாவது ஆகும். அந்த அளவுக்கு வளர்பவை ஏறக்குறைய எல்லாமே பெண் மீன்கள். ஒரு பெரிய தாய்மீன் ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் ஒரு லட்சத்தையும் தாண்டும், ஆனால் அவற்றில் பிழைத்து வளர்வது மிகச் சொற்பம். நல்ல ஏரியில்கூட வளர்ந்த மஸ்கிகள் ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கைத் தொடுவது அபூர்வம். அதனால் நீங்கள் தூக்கிப் போவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போலத்தான். போதாததற்கு, 2005ஐ ஒட்டிய வருடங்களில் செயின்ட் லாரன்ஸ் ஆயிரம் தீவுப் பகுதியில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் வந்து, பெரிய மஸ்கிகள் ஏராளமாகச் செத்து மிதந்தன. தூண்டிலே படாமல் இப்படியும் போகும் என்னும்போது நம் பங்குக்கு ஒன்று எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் மச்சான் பேசுகிற வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பிடித்த மஸ்கி எல்லாமே செத்த மஸ்கிதான். 1955 ஜூலையில் மினசோட்டாவின் லீச் ஏரியில் சில நாள்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மஸ்கிகளைப் பிடித்து, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அதை அன்று பெருமையாகவே கொண்டாடினார்கள். 1966இல் மினசோட்டாவில் மஸ்கீஸ் இங்க் என்ற சங்கமும், 1978இல் இங்கே மஸ்கீஸ் கனடாவும் தொடங்கி, பிடித்ததை விடும் பழக்கத்தை ஒவ்வொரு படகாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அரசு சொல்வதற்கு வெகு முன்னாலேயே மீன்பிடிகாரர்கள் தாங்களே மாறினார்கள். இன்று மஸ்கி பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மச்சான் அந்த வழியில் வந்தவர்.

ஆனால் சட்டப்படி ஒன்றை எடுத்தவரைத் திட்டுவதும் வீட்டாரோடு சேர்த்து அவமானப்படுத்துவதும் எனக்குப் பிடிக்காது. அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த மீனை விடப்போவதில்லை, யாருக்கும் காட்டாமல் எடுத்துப் போவார், அவ்வளவுதான். சட்டம் ஒன்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அது தவறு என்றால் சட்டத்தை மாற்றக் கேட்க வேண்டும். மினசோட்டாக்காரர்கள் கேட்டார்கள், 2015இல் மாநிலம் முழுவதும் 54 அங்குலம் என்று உயர்ந்தது.

இப்போது அந்த முற்பணம். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மஸ்கி சாவதற்கு ஆசை மட்டுமல்ல, இந்த வியாபாரமும் காரணமாகிறது. பாடம் செய்கிறவருக்கும் படகு ஓட்டுகிறவருக்கும் இடையே சில நேரம் பங்கு இருப்பதுண்டு. மீன் படகுக்குள் வந்து, நீங்கள் கை நடுங்கிக் கொண்டாடுகிற அந்த நிமிடத்தில் ‘இது போல ஒன்று வாழ்நாளில் இனி வராது, அண்ணை’ என்று ஒருவர் சொல்வார். முற்பணமும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உங்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அதை முன்கூட்டியே வாங்குகிறார்கள்.

உண்மையான தோலை வைத்துப் பாடம் செய்த மஸ்கி காலம் போகப் போக மஞ்சளாகும். எண்ணெய் கசியும், துடுப்புகள் வெடிக்கும். அதனால் நல்ல கலைஞர்கள் பலர் இப்போது ஃபைபர்கிளாஸில் அச்சு வார்த்து, உங்கள் மீனின் நிறத்தையும் கோடுகளையும் தூரிகையால் தீட்டித் தருகிறார்கள். அதற்கு நீளம், உடல் சுற்றளவு, இரண்டு பக்கத்துக்கும் தெளிவான படங்கள் போதும். மீன் வேண்டியதில்லை. இதில் வருத்தம் தருவது எது தெரியுமா? மீனை வாங்கிக்கொண்டு, கடைசியில் சுவரில் மாட்டக் கொடுப்பது ஃபைபர்கிளாஸ்தான் என்ற கதையும் நடக்கிறது. அதற்காக ஒரு தாய்மீன் செத்திருக்கும். ஆகவே யாரிடம் கொடுத்தாலும் ‘தோலா, அச்சா’ என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மீனையும் பிடிக்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கரையில் நின்று ‘அந்த மீனை எனக்கு விற்றுவிடுங்கள்’ என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்ராறியோவில் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும் வாங்குவதும் பண்டமாற்றுவதும் குற்றம். விற்றவரும் மாட்டுவார், வாங்கியவரும் மாட்டுவார்.

எடை தெரிய வேண்டுமானால் தராசில் தொங்கவிடத் தேவையில்லை. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுங்கள். எல்லாம் அங்குலத்தில். 54 அங்குல நீளமும் 24 அங்குலச் சுற்றளவும் என்றால் கிட்டத்தட்ட 39 பவுண்ட் வரும். சாதனைக்காகக் கொல்ல வேண்டும் என்பதும் பழைய பேச்சு. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 2011 முதல் நீளத்தை மட்டும் வைத்து, மீனை உயிரோடு விட்ட பிறகு பதியும் சாதனைப் பிரிவை நடத்துகிறது. கொன்று எடை போட்டால் மட்டும் சண்டை தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. விஸ்கான்சினில் 1949இல் மூன்று மாத இடைவெளியில் பிடித்த இரண்டு மஸ்கிகளில் எது உலகச் சாதனை என்று இன்றுவரை இரண்டு அமைப்புகள் இரண்டு பதில் சொல்கின்றன.

குழம்பு விஷயத்தில் மாமனாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மஸ்கி மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன். அதனால் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும், மீன் பெரிதாகப் பெரிதாக அளவும் கூடும். புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் இப்படிப்பட்ட மீனைத் தொடாமல் இருப்பதே நல்லது. எந்த நீர்நிலையில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாமனாருக்கு இரண்டு பிக்கரல் கொண்டு போங்கள். ருசியும் அதில்தான்.

மீனை விட்டுவிடுங்கள் என்று சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் நல்ல மனிதர்கள் தடுமாறுகிறார்கள்.

விட நினைத்து, எல்லாம் சரியாகச் செய்தும், மீன் தேறாமல் போகலாம். கொக்கி செவுளைக் கிழித்து இரத்தம் கொட்டியிருக்கும், அல்லது மீன் வயிற்றை மேலே காட்டிப் புரண்டுகொண்டே இருக்கும். அப்போது வாலடியைப் பிடித்து, நிமிர்ந்த நிலையில், தண்ணீரிலேயே வைத்திருங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்ட வேண்டாம். செவுள் தானாக மூடித் திறக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தேறலாம், அரை மணி நேரமும் ஆகலாம். உங்கள் கை விறைக்கும், கூட வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். அது தன் பலத்தில் உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். 2021 நவம்பரில் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 57¾ அங்குல மஸ்கி ஒன்று சிக்கியது. பிடித்தவரும் நண்பர்களும் அதை விடத்தான் நினைத்தார்கள். குளிரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேற்றிப் பார்த்தும் முடியாமல்தான் எடுத்துப் போனார்கள். எடை 55 பவுண்ட் 14.8 அவுன்ஸ் இருந்தது. 1957இலிருந்து நின்ற மாநிலச் சாதனை அதனால் முறிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் மூன்று விஷயங்கள் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பருவம் திறந்திருக்க வேண்டும். உங்களிடம் ஸ்போர்ட் லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்த நீர்நிலைக்குரிய அளவை மீன் தாண்டியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். எடுத்த பிறகு உண்ணத் தகுந்த சதையை வீணாக அழுக விடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், மீன் உங்கள் கையிலேயே செத்திருந்தாலும், தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஆமாம், செத்த மீனையும்தான். இல்லாவிட்டால் ‘பாவம், செத்துப்போச்சு’ என்று எல்லோரும் சொல்வார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். அந்த நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் 53 அங்குல மீன் ஒன்று மிதந்து போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்கிற சட்டம், அந்த மீனை அளந்து பதிந்து, மீன்வள ஆய்வுக்காவது வாங்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கலாம். கேட்டால் நடைமுறைச் சிக்கல் என்பார்கள்.

இந்த விலக்கு உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்க, கருவிகளைச் சரியாகக் கொண்டு போங்கள். பாஸ் பிடிக்கும் கோல் ஆகாது. 80 பவுண்ட் பின்னல் நூல், தடித்த கோல், நூலுக்கும் கொக்கிக்கும் இடையே கட்டும், பல்லுக்கு அறுபடாத லீடர். சீக்கிரம் இழுத்து முடிக்க வேண்டும், நேரம் நீள நீள மீன் களைக்கும். மஸ்கிக்கென்றே விற்கும் ஆழமான பெரிய வலை, நீண்ட இடுக்கி, கொக்கியை வெட்டும் கட்டர் மூன்றும் கட்டாயம். கொக்கி ஆழமாக இருந்தால் பிடுங்காதீர்கள், வெட்டுங்கள், கொக்கியின் விலை பெரிதில்லை. உயிர் இரையை மீன் விழுங்கும்வரை காத்திருந்து இழுக்கும் பழைய முறையை அடியோடு விடுங்கள். அப்படிப் பிடித்து விட்ட மஸ்கிகளில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் செத்துப்போனதை விஸ்கான்சின் ஆய்வு காட்டியிருக்கிறது. நீந்திப் போனதே என்று பிடித்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

வலையில், தண்ணீருக்குள் வைத்தே கொக்கியை எடுத்து, அளந்து, கேமரா தயார் என்ற பிறகு மட்டும் தூக்குங்கள். கிடைமட்டமாக, வயிற்றைத் தாங்கி, நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்துக்குள் மறுபடி தண்ணீருக்கு. செவுளில் கை விட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகளின் பாரம் முழுக்க ஒரு பக்கம் இறங்கும். படத்துக்காகப் படகுத் தொட்டியில் போட்டுக் கரைவரை கொண்டுபோவதும் கூடாது.

கைடிடம் இன்றே பேசிவிடுங்கள். முற்பணம் தரமாட்டேன், மீனை விடப்போகிறேன், உங்களிடம் பெரிய வலையும் கட்டரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு பதில் சொன்னால் அவரோடு போங்கள். பேச்சைத் திரும்ப முற்பணத்துக்கே கொண்டுவந்தால் வேறு படகு பாருங்கள். அக்டோபருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.