பழைய கணினிகளையும் பேசிக் மொழியையும் நினைத்து மூத்த நிரலாளர்கள் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள்?

உங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தேநீர் வேளைதோறும் "நாங்கள் 48 கிலோபைட்டில் எழுதியவர்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார் போலும். கேள்வியில் அந்தச் சலிப்பு தெரிகிறது. டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த நானும் அந்த ரகம்தான் என்பதால், எங்கள் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்க இந்தியன் ஒருவன் 1980களை நினைத்து ஏங்கினால் கண்டனம் வரும்; வர வேண்டியதுதான். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வீடு இழந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் எங்களுடையது. 1986இல் நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு கணினியைப் பற்றி மட்டுமே சொல்கிறேன். அதிலும் குறைகள் ஏராளம். கேசட்டிலிருந்து நிரல் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும், ஏறி முடியும் தறுவாயில் 'டேப் லோடிங் எரர்' என்று நின்றுவிடும். பேசிக் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இலேயே எழுதிவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். பின்னூட்டத்தில் யாரும் எடுத்துத் தர வேண்டாம்.

1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்தான் அந்தக் கணினி. அப்பா அதைப் பழைய பொருளாக வாங்கி வந்தார். மற்றப் பையன்கள் விளையாட்டுகளை ஏற்றினார்கள். எனக்கோ, ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஆயாவுக்குத் தொலைக்காட்சித் திரையில் தமிழைக் காட்ட வேண்டும் என்ற வெறி. அந்தக் கணினியில் ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம், அதாவது எட்டு பைட். நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்கு இடம் உண்டு என்று கையேட்டில் இருந்தது. தமிழுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் எழுத்து வடிவங்கள் நினைவகத்தில் எங்கே கிடக்கின்றன என்று காட்டும் முகவரி 23606, 23607 ஆகிய இரண்டு பைட்டுகளில் இருந்தது. அதை மாற்றிவிட்டால், ஆங்கில எழுத்துகள் உட்பட 96 வடிவங்களையும் விட்டுவிட்டு, நாம் வரைந்த 768 பைட்டுகளை அது எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. கொம்பையும் காலையும் ஒரு முறை வரைந்தால் போதும். ஔ என்பதை ஒ, ள இரண்டையும் சேர்த்தே எழுதிவிடலாம். கட்டத்தின் மேல் வரிசையைக் காலியாக விட்டு, இருக்கும் எழுத்தை அழிக்காமல் அதன் மேலேயே இன்னொன்றைப் பதிக்கும் 'ஓவர் 1' கட்டளையால் புள்ளியைப் பின்னால் மேலே பதித்தேன். மெய்யெழுத்துகளுக்குத் தனி இடம் செலவாகவில்லை. ண, ணு போன்றவை எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காமல் அடுத்த கட்டத்தையும் கேட்டன. தமிழக அரசு 1978இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தின்படி லை, னை ஆகியவற்றைப் பழைய தும்பிக்கை வளைவு இல்லாமல் எழுதியதால் இன்னும் சில இடங்கள் மிஞ்சின. ஆனால் பழைய அச்சுப் புத்தகங்களில் தமிழ் படித்த ஆயா, திரையைப் பார்த்து, "லைக்குத் தும்பிக்கை எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண்களைத் தரும் யூனிகோடு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதனால்தான் இந்தப் பதிலையே எழுத முடிகிறது. ஆயினும் ஸ்பெக்ட்ரத்துக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாததால் அது மறுக்கவும் இல்லை. பதின்வயதுப் பையன் ஒருவன் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் எழுத்தையே மாற்ற முடிந்தது. எனக்கு இருக்கும் ஏக்கம் அந்த அதிகாரத்தைப் பற்றியது.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் இன்றும் தைப்பூசக் காவடி அழைப்பிதழை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிடுகிறார்கள். கேட்டால், தமிழ் கட்டம் கட்டமாக வருகிறதாம்! கைப்பேசியிலேயே தமிழ் எழுத்துரு இருக்கும் காலத்தில் இப்படி ஒரு சாக்கு. நானே செய்து தருகிறேன் என்று சொல்லியும் பதில் இல்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

உங்கள் மூத்தவரை நம்ப முடியாவிட்டால் நீங்களே செய்து பார்க்கலாம். ஸ்பெக்ட்ரத்தைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 48 கிலோபைட் வகையைத் தேர்ந்தெடுத்து, முதலில் 'கிளியர் 59999' என்று கொடுத்து அதற்கு மேலுள்ள இடத்தைப் பேசிக்கிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள். 60000இலிருந்து உங்கள் எழுத்துகளை எட்டெட்டு பைட்டாக நிரப்பிய பிறகு, 23606இல் 96, 23607இல் 233 என்று, நினைவகத்தில் நேரடியாக எண்ணை எழுதும் 'போக்' கட்டளையால் எழுதுங்கள். அதன் பிறகு நீங்கள் தட்டும் கட்டளைகளும் உங்கள் எழுத்திலேயே தெரியும் என்பதால், பழைய நிலைக்குத் திரும்புவதற்கான 0, 60 என்ற எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.