படலையோடு நிற்கட்டும்

(2021 கொரோனா ஊரடங்கு நேரத்தில் வந்த கேள்வியும் பதிலும்)

கேள்வி: அக்கா, நான் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறேன். தம்பிக்கு 24 வயது, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மாதச் சம்பளம் இல்லை, ஒரு பொதிக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஊரடங்கு போட்ட பிறகும் பாஸ் எடுத்துக் கொடுத்து ஓடச் சொல்கிறார்கள். அவன் கொண்டுபோவது மருந்தும் மாவும் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். போன் கவர், சுவர் மணிக்கூடு, பிறந்தநாள் கேக், இப்படித்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு), எல்லாரும் ஒரே வீட்டில். நிற்கச் சொன்னால் "லீசிங் காசை நீ கட்டுவியா" என்று கேட்கிறான். அத்தியாவசியம் இல்லாத சாமான்களை இந்த நேரத்தில் கொண்டு திரிவது சரியா, நிறுத்த வேண்டுமா? நானும் போன மாதம் மகளுக்குச் சப்பாத்து ஓடர் பண்ணினேன், இன்னும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவா?
தம்பியின் அக்கா, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். பொதிகள் ஓடலாம், ஆனால் இப்போது ஓடுகிற மாதிரி ஓடக் கூடாது. படலையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, கையில் காசு வாங்கக் கூடாது, ஒரேயொரு போன் கவருக்காகத் தூரத்து முழங்காவில் ஊர் வரைக்கும் ஒரு பிள்ளையை அன்றைக்கே அனுப்பக் கூடாது. இந்த மூன்றுக்கும் கம்பனி சம்மதிக்காவிட்டால் தொற்று இவ்வளவு ஏறியிருக்கிற இந்தக் கிழமைகளில் மருந்தையும் சாப்பாட்டையும் தவிர மற்றதெல்லாம் களஞ்சியத்திலேயே கிடக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் ஒரேயடியாக நிறுத்து என்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "அத்தியாவசியம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது, உங்கள் அம்மாவிடம் கேட்டால் அவவும் அதைத்தான் சொல்லுவா. தொண்ணூறுகளில் போர் நடந்தபோது வன்னிக்குள் என்ன வரலாம், என்ன வரக் கூடாது என்று அரசாங்கத்தின் பட்டியல் ஒன்று இருந்தது. பற்றரி வராது, சீமெந்து வராது, பெற்றோல் வராது, சவர்க்காரத்துக்குக் கூடக் கட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் நாங்கள். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். செய்தி கேட்க வேண்டும் என்றால் ஒருவர் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டு மிதிப்பார், டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் போகும், அவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். போரில் பூட்டிக் கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு முதல் முதலாகக் கடையில் பற்றரியை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து என் ஐயா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார், வாங்கக் கூட இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு பற்றரி ஏன் தேவை என்று ஒரு நாளும் விளங்கியிருக்காது, அவர்கள் வீட்டில் கரண்ட் இருந்தது.

அதனால்தான் ஒருவர் வீட்டுக்கு வருகிற பொதியைப் பார்த்து இது தேவையில்லாத சாமான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு சார்ஜரின் வயர் அறுந்துவிட்டது. சார்ஜர் எந்தப் பட்டியலிலும் அத்தியாவசியம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் பூட்டி, வகுப்பெல்லாம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும், வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் பிள்ளைகள் குளக்கட்டில் போய் இருந்து படிக்கிற இடத்தில் அந்த வயர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை. அந்தப் பிள்ளை இன்சுலேசன் டேப் சுற்றி, மேலே ஒரு கல்லை வைத்து அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தது. பத்து நாள் அப்படியே கல்லோடு படித்தது. டவுனில் கடை பூட்டு, பொதியில் வந்தால்தான் உண்டு.

சரி, அப்படியென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது? இதை ஒருக்கால் தெளிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் இன்னமும் பொதியின் பெட்டியைத்தான் பயந்து பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த ஆய்வில், ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தபோது இந்த வைரஸ் மட்டைப் பெட்டியில் 24 மணித்தியாலம் வரையும் பிளாஸ்ரிக்கில் 72 மணித்தியாலம் வரையும் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் வாழைப்பழத்தைக் கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். ஆனால் இருப்பது வேறு, தொற்றுவது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது, தொற்றுள்ள ஒரு பொருளை ஒரு தரம் தொடுவதால் நோய் வருகிற சாத்தியம் பத்தாயிரத்தில் ஒன்றை விடக் குறைவு என்று. இது மூச்சுக் காற்றில் பரவுகிற நோய். பூட்டிய அறைக்குள், காற்றோட்டம் இல்லாத இடத்தில், கிட்ட நின்று கதைக்கும்போதுதான் கூடுதலாகத் தொற்றுகிறது. பெட்டியைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், அது போதும்.

ஆகவே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் படலையை விட, விடியப்புறம் உங்கள் தம்பியும் மற்றப் பொடியன்களும் கூடி நின்று பொதி பிரிக்கிற அந்த அறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாஸ்க்கை நாடியில் இழுத்து விட்டுக்கொண்டு, "இது உருத்திரபுரம், இது தர்மபுரம், இது கனகபுரம்" என்று கத்திக் கத்திப் பிரிப்பார்களே, அங்கேதான். டெல்டா என்ற புது வகை வைரஸ் வந்த பிறகு அப்படி ஒரு அறையில் ஒருவருக்கு இருந்தாலே போதும். பிரான்சில் 2020 ஏப்ரலில் இதே பிரச்சினைதான் கோர்ட்டுக்குப் போனது. தொழிலாளர் சங்கம் ஒன்று வழக்குப் போட, நாந்தேர் நீதிமன்றம் அமேசனிடம், களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கும் ஆபத்தை ஒழுங்காக மதிப்பிட்டு முடிக்கும் வரைக்கும் சாப்பாடு, மருத்துவம், சுகாதாரச் சாமான்களை மட்டும் கையாளச் சொன்னது. அமேசன் அதற்குப் பதிலாக அங்கிருந்த களஞ்சியங்களையே ஒரு மாதத்துக்கு மேல் பூட்டி வைத்தது. நீதிபதி பார்த்தது சாமானைப் பிரிக்கிற ஆட்களின் பாதுகாப்பை. எனக்கு அது சரியாகப் படுகிறது. இந்தியாவிலும் அதே மாதம் 20ஆம் திகதியில் இருந்து எல்லாச் சாமானும் ஒன்லைனில் விற்கலாம் என்று அறிவித்து, அதற்கு முந்தின நாளே அதை வாபஸ் வாங்கி அத்தியாவசியம் மட்டும் என்றார்கள்.

இனி கேக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்குக் கோபம். கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் அண்ணன்மார், மாமாமார் காசு அனுப்பி, இங்கே அம்மாவின் பிறந்தநாளுக்குத் திடீரென்று கேக்கும் பூவும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையின் பாசம் அது. அந்தக் கேக்கை அடிக்கிறதும் பெரும்பாலும் வீட்டிலேயே, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற ஒரு பெண்ணாக இருக்கும், அவவின் அடுப்பு எரிவது அந்தக் காசில். அரசாங்கம் கொடுத்த 2000 ரூபாவில் ஊரடங்கை ஓட்டச் சொன்னால் அவ என்ன செய்வா? கேக் அடிக்கட்டும், கேக் போகட்டும். ஆனால் போன கிழமை எங்கள் பக்கத்து வீட்டில் நான் பார்த்தது என்ன? நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, ஹோலுக்குள் போய், பலூன் ஊதிக் கட்டி, 70 வயது ஆச்சியை நடுவில் இருத்தி, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுத்து, அவ மெழுகுதிரியை ஊதி, வெட்டின கேக்கை வந்த பொடியன் அவவின் வாயில் தீத்தி, அவ திருப்பி அவனுக்குத் தீத்தி. வாயால் ஊதிய பலூன், வாயால் ஊதிய கேக், எல்லாம் ஒரே அறைக்குள். பின்னேரம் அவர்களுக்கு இன்னும் மூன்று வீடு இருந்ததாம். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், அம்மாவுக்குக் கேக் அனுப்புங்கோ, ஆட்களை அனுப்பாதேங்கோ. வீடியோவை வீட்டில் இருக்கிற பேரப்பிள்ளை எடுக்கட்டும், ஓடர் கொடுக்கும்போதே "படலையில் வைத்துவிட்டு கோல் எடுங்கோ" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பியின் கதைக்கு வருவோம். அவனோடு சண்டை பிடிக்காதீர்கள். அவன் கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை, தவணை நாள் ஊரடங்கைப் பார்த்து நிற்காது. லீசிங் கம்பனிக்குப் போய்த் தவணையைத் தள்ளிப் போடச் சொல்லி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று முடித்துவிடுவார்கள். இந்த நோய்க் காலத்துக்கென்று மத்திய வங்கி கடன்காரருக்குச் சலுகைகள் அறிவித்திருக்கிறது, அது தனக்குப் பொருந்துமா என்று கேட்கட்டும். தள்ளிப் போட்ட மாதத்துக்கு வட்டி எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்க வேண்டும், அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழுத ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய.

அப்புறம், அவனும் கூட ஓடுகிற பொடியன்களும் சேர்ந்து கம்பனியிடம் கேட்கட்டும். தனி ஒருவன் கேட்டால் அவனை நிற்பாட்டிவிட்டு வேறு ஆளைப் பிடிப்பார்கள், ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனால் அவ்வளவு சுகமாக அனுப்ப முடியாது. பொதி பிரிக்கிற வேலையை ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்தோ வெளியில் மரத்துக்குக் கீழேயோ செய்யலாம், வன்னியில் மரத்துக்கா பஞ்சம்? காசை முதலே வங்கியில் போடச் சொல்லலாம், போட முடியாதவர்கள் சரியான கணக்கை ஒரு கடித உறையில் போட்டுப் படலையில் செருகி வைக்கலாம். கையெழுத்துக்கென்று ஒரே பேனையை ஐம்பது பேரிடம் நீட்டாமல், பொதியைப் படலையில் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்தால் அதுவே சாட்சி. ஒரு பக்கத்துக்குக் கிழமையில் ஒரு நாள் மட்டும் ஓடினால் பெற்றோலும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். இதில் எதற்கும் பெரிய காசு தேவையில்லை, கம்பனிக்கு மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம்.

வீட்டில் அம்மாவை எப்படிப் பார்ப்பது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கவலை, அது நியாயமான கவலை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வந்தால் கடுமையாகலாம். உங்களுடையதும் என்னுடையதைப் போல வீட்டுத்திட்டத்து வீடு என்று நினைக்கிறேன், இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அதற்குள் தனிமைப்படுத்து என்று சொல்வது சுகம், செய்வது கஷ்டம். தம்பி கொஞ்ச நாளைக்கு விறாந்தையில் படுக்கட்டும், மழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. வந்தவுடன் கிணற்றடியில் குளித்துவிட்டு வரட்டும், சாப்பாட்டை முற்றத்தில் வைத்துச் சாப்பிடட்டும், அம்மாவோடு கதைக்கிறது என்றால் வெளியில் வேம்புக்குக் கீழே கதிரை போட்டு இரண்டு பேரும் மாஸ்க்கோடு கதைக்கட்டும். அம்மா கொரோனாத் தடுப்பூசி இரண்டும் போட்டாவா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு முதலில் உங்கள் பகுதி பி.எச்.ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) கோல் எடுங்கள். சீனிக் குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது. கிளினிக் போக முடியாவிட்டால் குளிசையை எப்படி எடுப்பது என்று ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கோல் எடுத்துக் கேளுங்கள். தம்பிக்குக் காய்ச்சல், தடிமன், மணம் தெரியாமை என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே அவன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், அதில் லீசிங் கதையே இல்லை.

மகளின் சப்பாத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இன்னும் ஓடர் பண்ணாமல் இருந்திருந்தால் பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன், பள்ளிக்கூடம் எப்போது திறக்குமோ, அதற்குள் பிள்ளையின் கால் ஒரு அளவு வளர்ந்துவிடும். ஆனால் அது வெளிக்கிட்டு ஒரு மாதம் ஆகிறது, அநேகமாகக் கிளிநொச்சிக் களஞ்சியத்தில்தான் கிடக்கும். இப்போது வேண்டாம் என்றால் அதே பொதி திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டும், இன்னும் நாலு கை மாறும், திரும்பிப் போகிற பொதிக்குக் கொண்டுவந்த பொடியனுக்கு ஒரு சதமும் கிடைக்காது. வரட்டும். காசை முதலே போட்டுவிடுங்கள், படலையில் ஒரு பையைக் கட்டி விடுங்கள், கொண்டுவருகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரும் வையுங்கள், ஏ9இல் கடையெல்லாம் பூட்டு, தம்பி போகிற இடங்களிலும் யாராவது வைக்கிறார்களா என்று அவனைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.